புது ஃபிலிம் கேமரா செய்யட்டும், ஷட்டரிலிருந்து ஆரம்பிக்கட்டும்

“பழைய கேமராவே கொட்டிக் கிடக்கிறது, புதிதாக எதற்கு?” ஃபிலிம் கேமரா பேச்சு எடுத்தாலே வரும் முதல் கேள்வி இது. ஒரு காலத்தில் இதில் நியாயம் இருந்தது. டிஜிட்டலுக்கு மாறியவர்கள் விற்றுத் தள்ளிய நிக்கானும் கேனானும் மினோல்டாவும் சந்தையை நிரப்பியிருந்தன. பெரும்பாலானவை ஓடின. இன்று அதே கேமராக்களுக்கு இன்னும் இருபது வயது கூடிவிட்டது. 1976-இல் வந்த கேனான் ஏஇ-1 அரை நூற்றாண்டைத் தொட்டுவிட்டது. பார்க்கப் பளபளப்பாகத்தான் இருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம்.

பழைய கேமரா எப்படிச் சாகிறது என்று தெரிந்தால்தான் புதிதில் எதைக் கேட்க வேண்டும் என்பது புரியும். அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

முதலில் போவது ஃபோம். பின்கதவின் காடியிலும், எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியே வரும் காட்சியை மிரரில் பார்த்து எடுக்கும் கேமரா) என்றால் மிரர் மேலே போய் முட்டும் இடத்திலும், கறுப்பு பாலியூரிதேன் ஸ்பாஞ்ச் ஒட்டியிருப்பார்கள். பத்துப் பதினைந்து வருடத்தில் அது தார் மாதிரி ஒட்டும், இல்லாவிட்டால் பொடியாக உதிரும். நம் ஊர் ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம். படத்தின் ஓரத்தில் ஆரஞ்சு நிறக் கோடு விழுந்தால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். சரிசெய்வது சுலபம்: ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஊறவைத்து, மூங்கில் குச்சியைத் தட்டையாகச் சீவி, காடியிலிருந்து சுரண்டி எடுக்க வேண்டும். உலோகக் கருவி கூடாது, பெயிண்ட் போய்விடும். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்தபடி செய்ய வேண்டும். ஃபிலிமுக்கு முன்னால் திறந்து மூடும் ஷட்டர் திரையில் துகள் விழுந்து ஒட்டிக்கொண்டால் ஐம்பது ரூபாய் வேலை ஐயாயிரம் ரூபாய் வேலையாகிவிடும். பிறகு 1.5 அல்லது 2 மி.மீ. தடிமன் புது ஃபோமைக் காடியின் அகலத்துக்கு வெட்டி ஒட்டலாம். ரொம்பத் தடிமனாகப் போட்டால் கதவு முழுதாக மூடாது. மூடினாலும் தாழ்ப்பாளில் அழுத்தம் ஏறி, ஒருநாள் நடுரோட்டில் தானாகத் திறந்துகொள்ளும்.

அடுத்தது பிசின் பிடித்த கிரீஸ். 1 நொடி, 1/2, 1/4 போன்ற மெதுவான ஷட்டர் வேகங்களை ஒரு சிறிய பல்சக்கரத் தொகுதிதான் தாமதப்படுத்திக் கொடுக்கிறது. பழைய எண்ணெய் கெட்டியானால் 1 நொடி 2 நொடியாகும், இல்லாவிட்டால் பாதியில் நின்றுவிடும். சோதிக்க உபகரணம் வேண்டாம். 1 நொடியில் வைத்து அழுத்தி, அந்தச் சத்தத்தை போனில் ரெக்கார்ட் செய்து, ஆடியோ அலையில் திறப்பு ஓசைக்கும் மூடும் ஓசைக்கும் இடைவெளி அளந்தால் போதும். வேகமான பக்கத்தில் சிக்கல் வேறு. செங்குத்தாக ஓடும் உலோக ஷட்டரில் ஒரு திரை திறந்துகொண்டு போகும், பின்னாலேயே இன்னொன்று மூடிக்கொண்டு வரும். ஒரு திரை 24 மி.மீ. தூரத்தைக் கடக்க ஏழு மில்லிநொடி எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 1/1000 நொடிக்கு இரண்டு திரைகளுக்கும் நடுவே சுமார் 3.4 மி.மீ. இடுக்கு மட்டுமே ஓடுகிறது. இரண்டாவது திரை கொஞ்சம் தளர்ந்தாலும் அந்த இடுக்கு போகப்போக விரியும், அல்லது குறுகும். வானம் ஒரு பக்கம் வெளுத்தும் மறுபக்கம் கறுத்தும் வரும் படங்களுக்கு இதுதான் காரணம். பலர் ஃபிலிம் கழுவும் லேபைத் திட்டுவார்கள்.

இந்த இரண்டையும் கைத்திறன் உள்ள மெக்கானிக் சரிசெய்துவிடுவார். ஏஇ-1 அழுத்தினால் கீச்சென்று கத்துவதும் இந்த வகைதான். மிரர் பக்கத்துப் பல்சக்கரத்தில் எண்ணெய் வற்றிவிட்டது என்று அர்த்தம். யாஷிகா எலக்ட்ரோ 35-இல் உள்ளே ஒரு சின்ன ரப்பர் பட்டை கரைந்துபோகும். நல்ல நிலையில் உள்ளதை வைண்ட் செய்தால் (ஃபிலிமை அடுத்த படத்துக்கு நகர்த்தினால்) ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் காணாமல் போயிருந்தால் பட்டை போயிற்று, எக்ஸ்போஷரும் (ஃபிலிமில் விழும் ஒளியின் அளவும்) போயிற்று. அதையும் பிரித்து மாற்றலாம்.

திருத்த முடியாதது எலக்ட்ரானிக்ஸ். 1990-இல் வந்த கான்டாக்ஸ் டி2 போன்ற விலையுயர்ந்த காம்பாக்ட்டுகளில் (சிறிய கையடக்கக் கேமராக்களில்) வளையும் சர்க்யூட் பட்டை விரிசல் விட்டால், அதற்கென்றே செய்த ஐசி (சிப்) எரிந்தால், இன்னொரு டி2-வை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அதைச் செய்த கியோசெரா 2005-இலேயே கான்டாக்ஸுக்கு முழுக்குப் போட்டுவிட்டது. அடுத்த வருடம் கோனிகா மினோல்டாவும் கேமராத் தொழிலை விட்டு வெளியேறியது. பென்டாக்ஸ் எம்இசட் வரிசையில் மிரர் மோட்டாரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் வெடிக்கும். ஆரம்பகால கேனான் இஓஎஸ் கேமராக்களில் ஷட்டரை நிறுத்தும் ரப்பர் உருகி, திரையில் பிசுக்காகப் படியும். பேட்டரியும் உண்டு: ஒளி அளக்கும் பழைய மீட்டர்கள் 1.35 வோல்ட் பாதரச செல்லுக்காகச் செய்தவை. அந்த செல் இப்போது கிடைக்காது. அந்த இடத்தில் 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் மீட்டர் தப்பாகக் காட்டும், அதுவும் செல் தேயத்தேய வேறு வேறு அளவில் தப்பாக. காதுகேட்கும் கருவிக்கான 675 துத்தநாக-காற்று செல் 1.4 வோல்ட், ஓரளவு சரிவரும். ஆனால் ஸ்டிக்கரைப் பிய்த்த சில வாரங்களில் காய்ந்துவிடும்.

ஆக, இருப்பில் இருக்கும் பழைய கேமராக்கள் வருடாவருடம் குறைகின்றன. ஒன்றைப் பிழைக்கவைக்க இன்னொன்றை அறுக்கிறோம். இதனால்தான் புதிது வேண்டும் என்கிறேன். ஏக்கம், பழைய நினைவு, ‘ஃபிலிமின் ஆன்மா’ என்றெல்லாம் பேசத் தேவையே இல்லை.

சரி, இப்போது புதிதாக வருபவை எவை?

மேல் தட்டில் லைக்கா. எம்பி, எம்-ஏ இரண்டையும் செய்துகொண்டிருந்தவர்கள், 1984-இன் எம்6-ஐ 2022-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். 5,000 டாலருக்கு மேல், லென்ஸ் தனி. பேட்டரி இல்லாமலே எல்லா வேகத்திலும் ஓடும், திறந்து சரிசெய்யலாம், இன்னும் நாற்பது வருடம் இருக்கும். குறை ஒன்றுதான், அது எல்லோருக்கும் தெரிந்த குறை.

அடித்தட்டில் கோடாக் பெயரில் வரும் எக்டார் எச்35 போன்றவை. 22 மி.மீ. பிளாஸ்டிக் லென்ஸ், மாறாத எஃப்/9.5 துளை (எண் கூடக்கூடத் துளை சிறிது), மாறாத 1/100 நொடி, ஐம்பது டாலர் அளவு விலை. இதை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்குவதைவிடக் கணக்குப் போட்டுப் பார்ப்பது மேல். எஃப்/9.5-உம் 1/100-உம் சேர்ந்தால் எக்ஸ்போஷர் மதிப்பு 13 (ஒரு எண் கூடினால் ஃபிலிமில் விழும் ஒளி பாதியாகும், அந்த ஒரு படிதான் ஒரு ஸ்டாப்). உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 200 ஃபிலிமுக்கு வேண்டியது 16, ஐஎஸ்ஓ 400-க்கு 17. அதாவது வெயிலில் மூன்று, நான்கு ஸ்டாப் அதிக ஒளி. கலர் நெகட்டிவ் அதைத் தாங்கும், அடர்த்தியாக வரும், அவ்வளவுதான். வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 400-க்கு வேண்டியது 8, 9. இப்போது நான்கைந்து ஸ்டாப் குறைவு. நெகட்டிவ் குறைவான ஒளியை மன்னிப்பதே இல்லை. எனவே கூரைக்கு அடியில் போனால் ஃபிளாஷ் கட்டாயம், அதுவும் இரண்டு மூன்று மீட்டருக்குள். கல்யாண மண்டபத்தில் இதைத் தூக்கிக்கொண்டு போய் ஃபிளாஷை மறந்தவருக்கு வெறும் கண்ணாடி மாதிரி நெகட்டிவ்தான் கிடைக்கும். முதல் ரோல் இப்படி வந்தால் இரண்டாவது ரோல் வாங்கமாட்டார். மலிவு கேமராவின் உண்மையான செலவு அதுதான்.

நடுவில்தான் சுவாரசியம். பென்டாக்ஸ் கேமராக்களைச் செய்யும் ரிக்கோ நிறுவனம் 2022 டிசம்பரில் ஃபிலிம் கேமராத் திட்டம் என்று அறிவித்து, 2024 ஜூனில் பென்டாக்ஸ் 17-ஐ இறக்கியது. அமெரிக்க விலை 500 டாலர். 17 × 24 மி.மீ. அரை ஃபிரேம் (வழக்கமான முழு ஃபிரேமில் ஏறக்குறைய பாதி), 36 ரோலில் 72 படம். 25 மி.மீ. எஃப்/3.5 கண்ணாடி லென்ஸ், கையால் இழுக்கும் வைண்ட் லீவர், 4 நொடியிலிருந்து 1/350 வரை ஷட்டர், சிஆர்2 பேட்டரி ஒன்று. வைண்ட் லீவரின் உள்வேலைக்கு ஓய்வுபெற்ற பொறியாளர்களைத் தேடிப்போய்க் கேட்டார்கள். ஒரு தலைமுறை இடைவெளி விழுந்தால் ஒரு கம்பெனி தன் கைவேலையையே மறந்துபோகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆட்டோஃபோகஸ் இல்லை என்று பலர் குறைசொன்னார்கள். பதிலுக்கு, தூரத்தை ஊகித்துக் கையால் வைக்க ஆறு மண்டலங்கள்: 0.25, 0.5, 1.2, 1.7, 3 மீட்டர், பிறகு முடிவிலி. இதை யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். அரை ஃபிரேமுக்கு மங்கல் வட்டம் (கூர்மை என்று கண் ஏற்கும் மிகப் பெரிய புள்ளி) 0.02 மி.மீ. என்று எடுத்துக்கொண்டால், முழுதும் திறந்த எஃப்/3.5-இல் இந்த லென்ஸின் ஹைப்பர்ஃபோகல் தூரம் (அங்கே ஃபோகஸ் வைத்தால் அதில் பாதித் தூரத்திலிருந்து முடிவிலி வரை கூர்மை) சுமார் 8.9 மீட்டர். 1.2-இல் வைத்தால் 1.06 முதல் 1.39 வரை கூர்மை. 1.7-இல் 1.43 முதல் 2.1 வரை. 3-இல் 2.24 முதல் 4.5 வரை. ஒன்று முடியும் இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்தது தொடங்குகிறது. அதற்கு அப்பால் முடிவிலி மண்டலம் பார்த்துக்கொள்ளும். ஒரு மீட்டருக்கு அப்பால் ஆள் எங்கே நின்றாலும் அநேகமாக ஏதோ ஒரு மண்டலத்தில் விழுவார். வெயிலில் துளை சுருங்கும்போது எல்லை இன்னும் விரியும். கோட்டைவிடுவது கேமரா இல்லை, மண்டலத்தை மாற்ற மறக்கும் கை. கிட்டத்தில் பூவை எடுத்துவிட்டு அப்படியே தெருவை எடுத்தால் ஒரு ரோலில் பத்துப் படம் போகும். முழு ஆட்டோவில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை, கேமராவே பொதுவான ஃபோகஸில் நிறுத்திக்கொள்ளும். ஆனால் நெருக்கப் படம் வராது.

ஃபிலிம் தேர்விலும் ஒரு கணக்கு. 1/350-உம் எஃப்/16-உம் சேர்ந்தால் எக்ஸ்போஷர் மதிப்பு 16.5 வரைதான் போகும். ஐஎஸ்ஓ 400-ஐ நம் வெயிலில் போட்டால் அரை ஸ்டாப் அதிகம், கடற்கரை மணலில் இன்னும் ஒன்று கூடும். நெகட்டிவுக்குப் பரவாயில்லை. ஸ்லைடு (பாசிட்டிவ்) ஃபிலிம் போட்டால் வெளுத்துவிடும். அரை ஃபிரேமில் குருணை ஏற்கெனவே பெரிதாகத் தெரியும் என்பதால் பகலுக்கு 100 அல்லது 200 போதும், 400 மாலைக்கு. ஃபிலிம் டப்பாவில் ஐஎஸ்ஓ-வைச் சொல்லும் டிஎக்ஸ் குறியீட்டை இது படிக்காது, ஐஎஸ்ஓ சக்கரத்தைக் கையால் திருப்ப வேண்டும். ரோல் மாற்றும்போது மறந்தால் 72 படமும் ஒரே தப்பில் போகும்.

ஹாங்காங்கின் மின்ட் கம்பெனி 2024-இல் கொண்டுவந்த ரோலை 35ஏஎஃப் வேறு வழி எடுத்தது: முழு ஃபிரேம், 35 மி.மீ. எஃப்/2.8 கண்ணாடி லென்ஸ், தூரம் அளக்க லேசர் ஒளி விடும் லைடார். விலை 800 டாலர் அளவில். லைடார் என்பது போன்களால் மலிவான பாகம், அதைக் கேமராவுக்குள் கொண்டுவந்தது புத்திசாலித்தனம். ஆனால் இன்றைய ஐசி இருபது வருடம் கழித்துக் கிடைக்குமா என்ற டி2-வின் கேள்வி இதற்கும் உண்டு, பென்டாக்ஸுக்கும் உண்டு. பேட்டரி இல்லாவிட்டால் இரண்டும் வெறும் டப்பா.

ஏன் இவ்வளவு சிரமம்? டிஜிட்டல் கேமராவே செய்கிறவர்களுக்கு ஃபிலிம் பெட்டி எம்மாத்திரம் என்று தோன்றும். ஃபிலிம் ஓட்டம் என்ற ஒன்றை மட்டும் எடுத்துப் பாருங்கள். 35 மி.மீ. ஃபிலிமின் ஓரத் துளைகள் 4.75 மி.மீ. இடைவெளியில் இருக்கின்றன. ஒரு முழு ஃபிரேமுக்கு எட்டுத் துளை, 38 மி.மீ. அதில் 36 படம், 2 இடைவெளி. ஒவ்வொரு வைண்டுக்கும் பல்சக்கர உருளை சரியாக எட்டுப் பல் திரும்பி நிற்க வேண்டும். சுருட்டும் உருளையோ ஃபிலிம் ஏறஏறப் பருத்துக்கொண்டே போகும். 15 மி.மீ. விட்டத்தில் ஆரம்பித்தால், 1.6 மீட்டர் ஃபிலிம் ஏறி முடிக்கும்போது 22.5 மி.மீ. அளவுக்கு வந்துவிடும். அதே 38 மி.மீ.யை இழுக்க முதல் படத்துக்கு 290 பாகை திரும்ப வேண்டும், கடைசிப் படத்துக்கு 190 போதும். லீவரோ எப்போதும் ஒரே அளவுதான் திரும்பும். அந்த வித்தியாசத்தை விழுங்குவது சுருட்டும் உருளைக்குள் இருக்கும் வழுக்குப்பிடி. அது இறுக்கமாக இருந்தால் துளைகள் கிழியும். தளர்வாக இருந்தால் ஃபிலிம் தொய்ந்து, படத்தின்மேல் படம் ஏறும். இந்த இறுக்கம் ஈரப்பதத்திலும் வெப்பத்திலும் மாறக்கூடாது, பல ஆயிரம் முறைக்குப் பிறகும் மாறக்கூடாது. இதோடு ஒரே லீவர் ஷட்டர் ஸ்பிரிங்கையும் ஏற்ற வேண்டும், பின்னோக்கித் திரும்பாமல் பூட்ட வேண்டும், எண்ணிக்கையை ஒன்று கூட்ட வேண்டும், ரீவைண்ட் பித்தானை அழுத்தினால் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும்.

அடுத்து தட்டைத்தன்மை. எஃப்/2.8 லென்ஸுக்கு ஃபிலிம் தளம் முன்னே பின்னே நகர இருக்கும் இடம் 0.084 மி.மீ. எஃப்/1.4 என்றால் 0.042. ஒரு தாளின் தடிமனில் பாதிகூட இல்லை. ஃபிலிமோ வளைந்து சுருளப் பார்க்கும். தண்டவாளமும் அழுத்தத் தகடும் சேர்ந்து அதை இந்த எல்லைக்குள் பிடித்துவைக்க வேண்டும். எஸ்எல்ஆர் என்றால் மிரர், ஃபோகஸிங் ஸ்கிரீன், ப்ரிஸம் மூன்றும் அதே துல்லியத்தில் அமைய வேண்டும். ஒவ்வொரு கேமராவையும் ஆள் உட்கார்ந்து சரிபார்க்கும் வேலை இது. நிக்கான் எஃப்6 2004-இல் வந்து 2020-இல் நின்றது. அதை மறுபடி செய்யச் சொல்லிக் கேட்கிறவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது. அந்த ஆட்டோஃபோகஸ், அந்த மீட்டர், அந்த ஐசிக்கள் எதற்கும் இன்று உற்பத்தி வரிசை இல்லை. வேண்டவும் வேண்டாம். பழைய எஃப்100-ஓ எஃப்90-ஓ இன்னும் மலிவாகக் கிடைக்கிற வரையில் எலக்ட்ரானிக் எஸ்எல்ஆரைப் புதிதாகச் செய்வது வீண்செலவு.

அப்படியானால் எதைச் செய்யலாம்? இதற்கு ஒரு முன்மாதிரி ஏற்கெனவே உண்டு. ஜப்பானின் நாகானோவில் உள்ள கோசினா கம்பெனி, தனக்கென்று ஒரு எளிய மெக்கானிக்கல் எஸ்எல்ஆர் எலும்புக்கூடு வைத்திருந்தது. செங்குத்து உலோக ஷட்டர், எளிய வைண்ட் தொகுதி. அதன்மேல் மவுண்டையும் (லென்ஸ் மாட்டும் வளையம்) சட்டையையும் மாற்றிப் பல கம்பெனிகளுக்குச் செய்து கொடுத்தது. நிக்கான் எஃப்எம்10, ஒலிம்பஸ் ஓஎம்-2000, கேனான் டி60, யாஷிகா எஃப்எக்ஸ்-3 எல்லாம் ஒரே குடும்பம். பெயர்ப்பலகை மட்டும் வேறு. 1999-இல் அதே எலும்புக்கூட்டிலிருந்து மிரரையும் ப்ரிஸத்தையும் எடுத்துவிட்டு, வொய்க்ட்லாண்டர் பெசா-எல் என்று விற்றார்கள். அடுத்த வருடம் ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் பார்த்து ஃபோகஸ் செய்யும் அமைப்பு) சேர்த்து பெசா-ஆர். பிறகு லைக்கா எம் மவுண்டில் ஆர்2, ஆர்3, ஆர்4. லைக்கா விலையில் ஒரு சிறு பங்குக்கு, புத்தம்புது பாடி, 2015 வரை. ஷட்டர் சத்தம் கொஞ்சம் முரட்டுத்தனம், ரேஞ்ச்ஃபைண்டர் தட்டுப்பட்டால் நகரும், மேல்மூடி மெல்லியது. இருந்தாலும் ஓடியது, இன்றும் ஓடுகிறது.

இங்கேதான் வழி இருக்கிறது என்பது என் முடிவு. லென்ஸுக்குப் பஞ்சமே இல்லை. கே மவுண்ட், எஃப் மவுண்ட், எம்42, எம் மவுண்ட் என்று கண்ணாடிகள் உலகமெங்கும் கிடக்கின்றன. பூஞ்சை பிடித்தாலும் துடைக்கலாம். சாவது பாடிதான், அதிலும் ஷட்டரும் வைண்டும்தான். அந்த ஒரு தொகுதியை யாராவது ஒருவர் செய்து, நாலு கம்பெனிகள் வாங்கித் தங்கள் பெட்டிக்குள் பொருத்தினால், ஒவ்வொருவரும் தனித்தனியே அச்சு வெட்டும் செலவு மிச்சம். இன்று ஆளாளுக்கு ஒரு பெட்டியை முதலிலிருந்து செய்கிறார்கள், அதனால்தான் 500 டாலருக்கு அரை ஃபிரேம், 800 டாலருக்கு ஒரு காம்பாக்ட் என்று நிற்கிறது.

வேகத்தில் ஆடம்பரம் வேண்டாம். 1 நொடியிலிருந்து 1/1000 வரை மெக்கானிக்கலாக, ஒரு மீட்டர் ஊசி அல்லது மூன்று விளக்கு, அதற்கு எல்ஆர்44 அல்லது எஸ்ஆர்44 பொத்தான் செல். செல் தீர்ந்தாலும் படம் எடுக்க முடிய வேண்டும். 2001-இல் வந்த நிக்கான் எஃப்எம்3ஏ இதைவிட ஒருபடி மேலே போய், பேட்டரி இருந்தால் ஆட்டோவாகவும், இல்லாவிட்டால் 1/4000 வரை மெக்கானிக்கலாகவும் ஓடியது. அழகான வேலை, ஆனால் விலைகொடுத்து வாங்கும் அழகு. ஐந்து வருடத்தில் உற்பத்தி நின்றது. பென்டாக்ஸ் கே1000 போன்ற மொட்டைக் கேமராவோ 1976 முதல் 1997 வரை விற்றது. புதிதாகத் தொடங்குகிறவர் பின்பற்ற வேண்டியது கே1000-ஐத்தான்.

இன்னும் எளிதாக வேண்டுமென்றால் ஒலிம்பஸ் ட்ரிப் 35. லென்ஸுக்குள்ளேயே இரண்டு தகடு ஷட்டர், இரண்டே வேகம், 1/40-உம் 1/200-உம். 40 மி.மீ. எஃப்/2.8 லென்ஸைச் சுற்றி, ஒளியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் செலினியம் மீட்டர், பேட்டரியே கிடையாது. 1967 முதல் 1984 வரை செய்தார்கள். இன்று செலினியத்துக்குப் பதில் சிலிக்கான் சென்சார், கூட ஒரு பொத்தான் செல் என்று மாற்றினால் போதும். மிரர் இல்லை, திரை இல்லை, ஃபோகஸ் நாலு மண்டலம். இதைக்கூட ஒருவரும் செய்யாதது ஏன் என்று புரியவில்லை.

கேமராவை மட்டும் பேசிவிட்டு விட முடியாது. ஃபிலிம் பக்கம் இப்போது பரவாயில்லை. கோடாக் 2012-இல் திவால் பாதுகாப்புக்குப் போனது. அதே வருடம் நிறுத்திய எக்டாகுரோம் ஸ்லைடு ஃபிலிமை 2018-இல் திரும்பக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் ஹார்மன் 2023 கடைசியில் ஃபீனிக்ஸ் 200 என்று சொந்தக் கலர் ஃபிலிமே செய்தது. ஆனால் ஃபிலிம் பூசும் ஆலை ஒருமுறை மூடினால் திரும்ப எழுவது அபூர்வம். ஊட்டியில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு-வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் செய்த ஆலை, இப்போது இந்து நகர் என்ற பெயர்தான் மிச்சம். அந்த ஆலையை யாரும் மறுபடி கட்டப்போவதில்லை.

லேப் இன்னும் நுட்பமான சங்கிலி. கலர் நெகட்டிவ் கழுவும் சி-41 முறையில் டெவலப்பர் 38 பாகை செல்சியஸ், 3 நிமிடம் 15 நொடி. மினிலேப் இயந்திரத்தின் தொட்டியில் இந்தத் திரவம் நிரந்தரமாக இருக்கும். ஒவ்வொரு ரோல் போகும்போதும் கொஞ்சம் புதுத் திரவம் சேரும். நாளுக்கு இத்தனை ரோல் என்று போய்க்கொண்டே இருந்தால் திரவம் சீராக இருக்கும். வாரத்துக்கு இரண்டு ரோல்தான் என்றால் காற்று பட்டு டெவலப்பர் கெடும், நிறம் ஒரு பக்கம் சாயும், நிழலில் பச்சையோ சிவப்போ ஏறும். எனவே ஊரில் ஓடும் கேமரா எண்ணிக்கைக்கும் உங்கள் நெகட்டிவின் நிறத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அனுப்புமுன் லேபில் கேட்க வேண்டிய கேள்வி, ‘எத்தனை நாளைக்கு ஒருமுறை சி-41 ஓட்டுகிறீர்கள்?’ தேங்கவைத்து வாரம் ஒருமுறை மொத்தமாக ஓட்டுகிறார்கள் என்றால் தவறில்லை, திரவத்தை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று கேளுங்கள்.

ஸ்கேனர்தான் யாரும் கவனிக்காத ஓட்டை. லேப்கள் நம்பியிருக்கும் ஃபியூஜி ஃபிரான்டியர் எஸ்பி-3000, நோரிட்சு எச்எஸ்-1800 எதுவும் இப்போது உற்பத்தியில் இல்லை. பழைய விண்டோஸ் கணினியை வைத்துக்கொண்டு, செத்த இயந்திரத்திலிருந்து பாகம் பிடுங்கி ஓட்டுகிறார்கள். கேமராவுக்கு நடப்பதுதான் அங்கேயும் நடக்கிறது. அரை ஃபிரேம் வாங்குகிறவர் இதை முன்பே யோசிக்க வேண்டும். 72 படத்தைத் தனித்தனியாக ஸ்கேன் செய்ய லேப் கூடுதல் கட்டணம் கேட்கும், அல்லது இரண்டு படத்தை ஒரே ஃபிரேமாக ஸ்கேன் செய்து கொடுக்கும். ரோல் 1,000 ரூபாய், கழுவி ஸ்கேன் 500 என்று வைத்தால் முழு ஃபிரேமில் படம் ஒன்றுக்கு 42 ரூபாய், அரை ஃபிரேமில் 21. ஸ்கேன் கட்டணம் இரட்டித்தால் அந்த மிச்சத்தில் கொஞ்சம் கரையும், மொத்தமும் போகாது. வீட்டில் டிஜிட்டல் கேமராவும் மேக்ரோ லென்ஸும் ஒளிப்பலகையும் வைத்துப் படம்பிடித்துக்கொள்கிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

புதுக் கேமரா எது வந்தாலும் வாங்குமுன் மூன்று விஷயத்தைப் பாருங்கள். கீழ்த்தகட்டில் திருகுகள் தெரிகின்றனவா, இல்லை பசையால் ஒட்டி மூடியிருக்கிறார்களா? பின்கதவில் ஃபோமை நம்பியிருக்கிறார்களா, அல்லது கதவின் விளிம்பு ஆழமான காடிக்குள் நுழைந்து ஒளியைத் தடுக்கிறதா? காடி ஆழமாக இருந்தால் ஃபோம் கரைந்தாலும் படம் தப்பும். கடைசியாக, உத்தரவாதக் காலம் முடிந்தபிறகு ஷட்டர் தொகுதியை மட்டும் தனியாக விற்பார்களா, என்ன விலைக்கு? இதை விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால், அந்தப் பணத்துக்கு நல்ல மெக்கானிக் ஒருவரால் சுத்தம் செய்யப்பட்ட பழைய நிக்கான் எஃப்எம்2 ஒன்றையும் பத்து ரோலையும் வாங்கிக்கொள்ளலாம்.